சாமி அறையில் வைத்த திறப்பு

யூன் 1, ஞாயிறு

இன்று அண்ணாவின் காரை மூடினோம்.

அண்ணா வெயில் வரும்வரை காத்திருந்து கழுவினான். நான் துடைத்தேன். கதவின் கீழ் விளிம்பு, பக்கக் கண்ணாடிக்குள் நிற்கும் தண்ணீர், பூட்டுத் துவாரம். ஈரம் எங்கே நின்றாலும் யூனில் தொடங்கும் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் கறள் பிடித்துவிடும் என்றான். எண்ணெய் மாற்றுவதையும் பெற்றோல் நிரப்புவதையும் நேற்றே செய்துவிட்டான். ராங்கில் வெற்றிடம் இருந்தால் உள்ளே வியர்க்குமாம்.

கராஜுக்குள் விட்டு, ஜாக் வைத்து நான்கு பக்கமும் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினான். ஒரே இடத்தில் நின்றால் ரயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கைபிரேக் இழுக்கவில்லை, இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். எலி புகாமல் இருக்க சைலன்சர் வாய்க்குள் இரும்புத் தும்பு அடைத்தான். பற்றறிக்குச் சிறிய சார்ஜர். கடைசியாக மூடுதுணி.

மூடிய பிறகு ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். நீலம் போய்ச் சாம்பல் நிறமாக ஒரு பெரிய பொதி நிற்கிறது.

யூன் 3, செவ்வாய்

ஏன் மூடினோம் என்று எழுதவில்லை. எழுதி வைக்கிறேன். அண்ணா தமிழ் வாசிப்பதை விட்டுப் பல வருடம்; நான் வீட்டில் அம்மாவிடம் படித்தேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

எண்பதில் போக வேண்டிய வீதியில் நூற்றுப் பன்னிரண்டில் போனான். லைசன்ஸ் யூன், யூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் இல்லை. அது பெரிய விஷயம் இல்லை என்று லோயர் சொன்னார். ஆனால் இந்த மூன்று மாதத்துக்குள் கார் ஓடிப் பிடிபட்டால் அது கோர்ட் வழக்கு. வழக்கு வந்தால் அவனுடைய சிட்டிசன்ஷிப் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு எப்போது என்று தனக்கும் தெரியாது என்றார்.

படகில் வந்தபோது எனக்கு நான்கு வயது, அண்ணாவுக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றிலும் 'தற்காலிகம்' என்ற சொல் இருந்தது. இப்போதுதான் இல்லை.

கார் பூட்டுகிற திறப்பை யார் வைத்திருப்பது என்று நேற்று ஒரு கதை நடந்தது. அப்பா தன் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. சட்டையை எங்கே கழற்றிப் போடுவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா வாங்கிக்கொண்டு சாமி அறைக்குள் போனார்.

"பிள்ளையாற்ற காலடியில கிடக்கட்டும். அதில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

எங்கள் வீட்டில் அப்படித்தான். பாஸ்போர்ட், அம்மாவின் சங்கிலி, குடிவரவு அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அங்கேதான். கை, முகம் கழுவாமல் யாரும் எடுப்பதில்லை.

காரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "நீதானே வீட்டில நிக்கிறாய்" என்றான் அண்ணா. குத்திச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான்.

யூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் காரை ஒருதரம் ஸ்ராட் பண்ணினால் நல்லது என்று அம்மா சொன்னார். வாகனம் சும்மா கிடந்தால் மூதேவி குடியேறுமாம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எஞ்சின் சரியாகச் சூடாகாது, எண்ணெய்க்குள் தண்ணீர் சேரும், பேசாமல் விடுவதுதான் காருக்கு நல்லது என்று நான் சொன்னேன். இந்தக் கிழமை நான் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

அம்மா யோசித்துவிட்டு மூடுதுணிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கார் இப்போது நெற்றியில் பொட்டோடு நிற்கிறது.

யூன் 24, செவ்வாய்

ரயர் காற்று சரி. சார்ஜரில் பச்சை விளக்கு. கராஜுக்குள் வெளியை விடக் குளிர்.

யூலை 5, சனி

கல்யாணி அன்ரியின் கடையில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்கிறேன். பின்னறையில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள் பைக்கற் போடுவது. இன்று காசு எடுக்கும் பெண் வரவில்லை. முன்னால் வந்து நிற்கச் சொன்னார். நின்றேன். இரண்டாவது ஆள் இடியப்ப மா எங்கே என்று கேட்டார். எனக்கு இடம் தெரியும். வாய் வரவில்லை. கையைக் காட்டினேன்.

"வாயைத் திறந்தா முத்துக் கொட்டுண்டிடுமே பிள்ளை?" என்றார் அன்ரி. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பின்னறைக்குப் போய்விட்டேன்.

பள்ளிக்கூடமும் இப்படித்தான் போனது. பதினோராம் வகுப்பில் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். அவ்வளவுதான். அடுத்த நாள் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும். ஒரு சண்டையும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எழுத ஏதாவது இருந்திருக்கும்.

யூலை 15, செவ்வாய்

வேலையால் வந்த அண்ணா நேரே கராஜுக்குப் போனான். தேத்தண்ணி கொண்டு போனேன். மூடுதுணியின் ஒரு பக்கத்தை உயர்த்திவிட்டுச் சீமெந்துத் தரையில் சாய்ந்திருந்தான். கார்க் கதவு பூட்டியிருக்கிறது, திறப்பு இல்லாமல் உள்ளே ஏறியிருக்கவும் முடியாது.

ரயர் குடோனில் வேலை. விடிவதற்கு முன் பஸ், ரெயின், பிறகு நடை. அங்கே உள்ளவர்கள் அவனுக்குப் பகிடிக்குப் பஸ் படம் போட்ட தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய நண்பன் துஷாந்த் ஒவ்வொரு வெள்ளியும் மலைக்குப் போகிறான். வீடியோ அனுப்புகிறான். பனிப்புகார், வளைவு, எஞ்சின் சத்தம்.

"இப்பிடியே நிண்டா இது செத்துப்போகும்" என்றான்.

சாகாது என்றேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"உனக்கு விளங்காது சஜி."

கார் என்று நினைத்துப் பதில் சொன்னேன். அவன் காரைச் சொல்லவில்லை போல.

யூலை 25, வெள்ளி

கை இன்னும் விறைப்பு விடவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

யூலை 26, சனி

நேற்று ஆடி வெள்ளி. அம்மாவும் அப்பாவும் பின்னேரம் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனார்கள். எனக்கு பீரியட். அதனால் நிற்கிறேன் என்றேன். அண்ணாவும் நின்றான். எனக்கு என்னவென்று அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆடி வெள்ளியில் நான் கோயிலுக்குப் போகாவிட்டால் வேறு காரணம் இல்லை.

அவர்களுடைய கார் போய்க் கொஞ்ச நேரத்தில் கராஜுக்குள் ஜாக் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மூடுதுணி மடித்து வைத்திருந்தது. முன் பக்கம் இறக்கியாகிவிட்டது. முன்னிரண்டு ரயரும் தரையில். பின்பக்கத்துக்கு ஜாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"சும்மா ரயர் பாக்கிறன்" என்றான்.

ரயர் பார்க்கத் தாங்கியை எடுக்கத் தேவையில்லை. அவனுடைய போன் தரையில் கிடந்து துஷாந்தின் பெயரைக் காட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே வந்தேன். சாமி அறை வாசலில் நின்றேன். திறப்பு பிள்ளையாரின் காலடியில் கிடந்தது, பக்கத்தில் காலையில் வைத்த செவ்வரத்தம்பூ. அண்ணா வேலையை முடித்து, கை கழுவி, முகம் கழுவி, பிறகுதான் எடுப்பான். அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அதுவரை எனக்கு நேரம் இருந்தது.

பெரியபிள்ளையான நாளிலிருந்து இந்த நாட்களில் அந்த வாசற்படியை நான் தாண்டியதில்லை. யாரும் பிடித்துத் தடுத்ததில்லை. கால் போகாது, அவ்வளவுதான். அவனும் அதை நம்பித்தானே இந்த வெள்ளியைத் தெரிந்தெடுத்தான்? அப்படி நினைத்தானா, அவனுக்கு வராத யோசனையை நான்தான் அவன் தலையில் கட்டுகிறேனா, தெரியாது.

போனேன். எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கற்பூர வாசம் வழமை போல இருந்தது.

வீட்டுக்குள் எங்கே ஒளித்தாலும் கேட்டு வாங்கிவிடுவான். அவன் முகத்தைப் பார்த்தால் கொடுத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் முன்கதவைத் திறந்து நடந்தேன். வீட்டுச் செருப்பு. ஜக்கெற் இல்லை. முதல் வந்த பஸ்ஸில் ஏறினேன், டான்டினோங் ஸ்ரேசன் வரை. அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது. எடுக்காமல் விட்டேன். திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"சஜி, திறப்பு எங்க?"

"என்னட்ட."



"நீ சாமி அறைக்குள்ள போனனியோ?"

"ஓம்."

சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "ஜஸ்ற் ஒரு மணித்தியாலம் சஜி. மெதுவாத்தான் ஓடுவன். மலையில ஒரு பொலிசும் இல்லையாம். நீ எங்க நிக்கிறாய், சொல்லு, துஷாந்த் வந்து எடுப்பான்."

"தரமாட்டன்."

"அம்மாட்டச் சொல்லுவன், நீ இந்த நாளில உள்ள போனனி எண்டு."

"சொல்லு."

இந்த ஒரு சொல்லை நான் இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெண் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் நீட்டியபடியே இருந்தார். வாங்கிப் போர்த்தினேன்.

அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: ஸ்ரேசனில் நிற்கிறேன், கார்த் திறப்பு என்னட்ட. கோயிலால் வரும் வழியில் ஏற்றினார்கள். அப்பா ஹீற்றரைக் கூட்டிவிட்டார். அம்மா என் நெற்றியில் விபூதி பூசக் கையை உயர்த்தினார். பிறகு நினைவு வந்து கையை இறக்கினார்.

வீட்டில் அண்ணா குசினிக் கதிரையில் இருந்தான். சொன்னபடியே சொன்னான். "இவள் சாமி அறைக்குள்ள போனவள். இண்டைக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவனுடைய கையைப் பார்த்தார். நகத்துக்குள் கறுப்பு மசகு. எவ்வளவு கழுவினாலும் அது உடனே போகாது.

"நீ ஏன் ஜாக்கை எடுத்தனி?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணா எழுந்து அறைக்குப் போனான்.

யூலை 28, திங்கள்

அம்மா சாமி அறை முழுவதையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார். பிள்ளையாரை முழுக்காட்டினார். படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். என் அறையிலிருந்து எல்லாம் கேட்டது. எனக்குக் கோபமா? இல்லை. கொஞ்சம் ஒருமாதிரி இருந்தது. அழுக்கு என்னவென்று நினைத்துக் கழுவுகிறார்?

முடித்துவிட்டு ஈரக் கையோடு வந்தார். நான் மேசையில் வைத்திருந்த திறப்பைத் தூக்கினார். மறுபடி அங்கே வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டிலில், என் பக்கத்தில் வைத்தார்.

"நீயே வைச்சிரு. பிள்ளையார் ஆர் எடுத்தாலும் பேசாம இருப்பார். நீ குடுக்கமாட்டாய்."

போய்விட்டார்.

யூலை 31, வியாழன்

துஷாந்தும் மற்றவர்களும் ஆடி வெள்ளியன்று மலைக்குப் போய் வந்துவிட்டார்கள். கார்களுக்கு முன்னால் நின்று சூப் குடிக்கும் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவரையும் யாரும் மறிக்கவில்லை. அண்ணா அந்தப் படத்தைத் திறந்து மேசையில் எனக்கு நேரே வைத்துவிட்டுப் போனான்.

ஒன்றும் நடந்திருக்காது. அவனும் போய், சூப் குடித்து, திரும்பி வந்து, மூடுதுணியைப் போட்டிருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியென்றால் நான் செய்தது பிழையா? எப்படித் திருப்பிக் கேட்டாலும் பிழையில்லை என்ற ஒரே பதில்தான் வருகிறது. ஆனால் அவனிடம் சொல்லிக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 9, சனி

இரண்டு கிழமையாக அண்ணா என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுக்கோப்பையை என் பக்கம் தள்ளுவான், அவ்வளவுதான்.

நான்கு ரயரும் அன்றிலிருந்து தரையிலேயே நிற்கின்றன. இன்று நானே உயர்த்துவோம் என்று ஜாக்கை உருட்டிக்கொண்டு போனேன். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். பாதி உயர்ந்ததும் தாங்கியைத் தள்ளக் கையை உள்ளே விட்டேன். பின்னால் அண்ணா நின்றிருக்கிறான்.

"தள்ளி நில்லு. விரல் நசியும்."

தள்ளி நின்றேன். மற்றதை அவன் செய்தான். மூடுதுணியை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துப் போட்டோம்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

பீரியட். சாமி அறைக்குப் போகவில்லை. போகத் தேவை இருக்கவில்லை.

செப்ரெம்பர் 1, திங்கள்

லைசன்ஸ் வந்துவிட்டது. காலையில் திறப்பை அவனுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டியை எடுத்தான், திறப்பை விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனான். கோபமோ என்று பகல் முழுக்க யோசித்தேன்.

செப்ரெம்பர் 6, சனி

கோபம் இல்லை. சனிக்கிழமைக்குக் காத்திருந்திருக்கிறான். காலையிலேயே எழும்பி எல்லாம் கழற்றினான். இரும்புத் தும்பை இழுத்தான், எண்ணெய் பார்த்தான். நான் படியில் நின்றேன். முதல் தரமே ஸ்ராட் ஆனது. கராஜ் கதவு அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பற்றறி புதுசு மாதிரி" என்றான், என்னைப் பார்க்காமல்.

மலைக்குப் போனான். எவ்வளவு வேகம் என்று நான் கேட்கவில்லை. இருட்டுவதற்கு முன் வந்துவிட்டான்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

குடியுரிமைச் சோதனைக்கு அண்ணாவுக்குத் திகதி வந்திருக்கிறது, ஒக்ரோபரில். இரவுச் சாப்பாட்டில் அப்பா அதை இரண்டு தரம் வாசிக்க வைத்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். எல்லோரும் கொஞ்சம் கூடச் சாப்பிட்டோம்.

அம்மா எழும்பிப் போன பிறகு அண்ணா பையிலிருந்து திறப்பை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சிட்டிசன்ஷிப் சத்தியப்பிரமாணம் முடியுமட்டும் திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் உன்னட்ட இருக்கட்டும்" என்றான். "நான் கேட்டாலும் தராத."

நான் உடனே எடுக்கவில்லை. கையில் குழம்பு. சாப்பிட்டு முடித்து, கோப்பை கழுவி, கை துடைத்து, பிறகு எடுத்தேன்.