உன்னை மன்னிக்க அவர்கள் யார், மெஹரு?

என் மெஹருவுக்கு,

நீ போய் நேற்றோடு நாற்பது நாள் ஆகிறது. உன் வீட்டில் பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள். அழுகை எனக்கு முதல் வாரத்திலேயே வற்றிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது கோபம்தான். யார்மேல் என்று கேட்காதே, உன்மேலும்தான்.

போன திங்கட்கிழமை நம் ஸ்கூலில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். போட்டோவுக்கு மாலை போடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று உன் மகன் சொல்லியும் கேட்காமல் ரோஜா மாலை போட்டார்கள். கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்தார். "மெஹருன்னிசா டீச்சர் தங்கமானவங்க. ஒரே ஒரு தடவை பெத்தவங்ககிட்ட பொய் சொல்லி ஒரு தப்பு பண்ணிட்டாங்க. நாங்க பெரிய மனசு பண்ணி அப்பவே மன்னிச்சுட்டோம்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிறகு டீயும் பிஸ்கட்டும் வந்தது. நானும் குடித்தேன், மெஹரு. அந்த டீயை நானும் குடித்தேன்.

போகும்போது ஹெச்.எம். என்னைப் பிடித்து, "நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப க்ளோஸ். ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க எஸ்தர்" என்றார். அந்த ஒரு பக்கம்தான் இது. நீண்டுவிட்டால் அவர்கள் பாடு. படிக்கிற பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் பி.டி. டீச்சர், நீ சயின்ஸ் டீச்சர். நம் நீச்சல் டீம் பெண்களுக்கு நீந்த இருந்தது ஒரே ஒரு இடம், உன் மாமனாரின் தென்னந்தோப்புக் கிணறு. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். அதனால்தான் வீடுகளில் அனுப்பினார்கள். கிணறு முப்பது அடிச் சதுரம். இந்தச் சுவரை உதைத்தால் அந்தச் சுவர், அதை உதைத்தால் இந்தச் சுவர். ஐந்து பெண்களும் மீன் மாதிரி திரும்புவார்கள்.

வேலூரில் மண்டலப் போட்டிக்குப் போனபோதுதான் வினை தெரிந்தது. நிஜமான நீச்சல் குளத்தை நம் செல்வி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். விசில் ஊதியதும் பாய்ந்தாள், எல்லாரையும் முந்தினாள், சரியாக முப்பதாவது அடியில் சுருண்டு திரும்பி, இல்லாத சுவரை உதைத்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தாள். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வந்திருந்ததே இரண்டு பள்ளிதான் என்பதால் நாமும் மாநிலப் போட்டிக்குத் தேர்வானோம் என்பது வேறு கதை.

மெட்ராஸில் போட்டி, அரையாண்டு லீவு முடிந்த கையோடு. லீவில் பத்து நாள் விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. அனுமதி கேட்டு நான் கரஸ்பாண்டன்ட் ரூமுக்குப் போனேன். "லீவுல ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? பொம்பளப் பசங்களுக்கு நீச்சல் இன்னாத்துக்கு?" என்றார். அதே லீவில் அவருடைய இன்னொரு பள்ளியில் பையன்களின் ஃபுட்பால் டீமுக்குத் தினமும் முட்டையும் வாழைப்பழமும் கொடுத்துப் பயிற்சி நடந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் நான் சொன்னேன். நீ இல்லை, நான். "லீவுல நீச்சல்னா ஆபீசுக்குப் போய்க் கேப்பாங்க, வீட்ல சொல்ல வாணாம் மெஹரு. ஸ்பெஷல் கணக்கு கிளாஸ்னு சொல்லிடலாம். கணக்குன்னா எந்த அப்பனும் வாயத் தெறக்க மாட்டான்." நீ தயங்கினாய். "பொய் சொல்லி இன்னாத்துக்குடி பேஜார்? நேரா கேட்டுப் பாக்கலாமே" என்றாய். நான் கத்தினேன். சரி என்றாய். ஐந்து வீட்டுக்கும் ஏறி இறங்கி, உருதுவில் மூன்று வீடு, தமிழில் இரண்டு வீடு, என் பொய்யை உன் வாயால் சொல்லிவிட்டு வந்தாய்.

ஆனால் அந்த நாட்கள்! லாரி ட்யூபை வாராக அறுத்து, கயிற்றில் முடிந்து, ஒரு முனையைப் பம்ப்செட் தூணிலும் மறுமுனையைப் பெண்களின் இடுப்பிலும் கட்டினாயே, அந்த மூளை உனக்கு எங்கிருந்து வந்தது? முன்னால் சுவர் வரவே வராது. இடத்திலேயே நீந்த வேண்டும், கை வீச்சை எண்ண வேண்டும், நீ விசில் ஊதும்வரை நிற்கக் கூடாது. முதல் நாள் செல்வி பழக்கதோஷத்தில் இரண்டு தடவை சுருண்டு கயிற்றில் சிக்கிக்கொண்டாள். நாலாவது நாள் சுருளுவதை மறந்தாள்.

மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மேலே ஏறினால்தான் பல் தந்தியடிக்கும். ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும், ஜன்னியும் வந்துவிடும் என்று பம்ப்செட் ரூமில் கங்கு போட்டு, கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகையில் ஒவ்வொருத்தியின் தலையையும் நீ உலர்த்தினாய். டேனரி நாற்றத்திலேயே காலம் தள்ளுகிற ஊர் நம்முடையது. மூக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம், நீயும் நானும்.

செல்வியின் அம்மா கன்னியம்மா மறக்கவில்லை. டேனரியில் தோலுக்கு உப்புத் தேய்க்கிறவள் அவள். மகளைக் கேட்டாளாம், "தெனம் சாம்பிராணி வாசனையோட வர்ற. கணக்குப் போடறதுக்கு முன்ன தல முழுவ வெக்கறாங்களா உங்க டீச்சருங்கோ?" கிறிஸ்துமஸ் அன்று காலையில் மகளின் பின்னாலேயே நடந்து தோப்புக்கு வந்துவிட்டாள். நான் அன்றைக்குச் சர்ச்சில் இருந்தேன். "நீ போய்ட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பியவள் நீ. நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் நீ தனியாக நின்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

கன்னியம்மா போட்ட சத்தம் ஊர் பூராவும் பரவி, மறுநாள் கரஸ்பாண்டன்ட் ரூம். மூன்று அப்பாக்கள், ஹெச்.எம்., நாம் இருவர். "இது யாரோட ஐடியா?" என்றார் கரஸ்பாண்டன்ட். நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். "வீடுங்களுக்குப் போய் சொன்னது நான்தான் சார். எஸ்தருக்கு அது தெரியாது."

வெளியே வந்து உன் கையை உலுக்கினேன். "இன்னாடி பண்ணிட்ட?" என்றேன். "கம்முனு இரு. நீ டெம்பரவரி, நாளைக்கே அனுப்பிடுவாங்க. உங்கப்பாவுக்கு யாரு இருக்கா? எனக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்காரு. மிஞ்சிப் போனா திட்டுவாங்க, அவ்ளோதானே" என்றாய். சாயங்காலமே உன்னிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள். அதற்குப் பெயர் மன்னிப்பாம்!

அதற்கும் மறுநாள், இனி யாரும் வரமாட்டார்கள் என்று நாம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா செல்வியை இழுத்துக்கொண்டு வந்தாள். "நீஞ்சறதுக்கா நான் சண்ட போட்டேன்? பொய் சொன்னதுக்குப் போட்டேன். நேரா கேட்டிருந்தா அனுப்ப மாட்டேனா?" என்றாள். மற்ற வீடுகளுக்கும் அவளே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள். மீதி நாலு நாளும் கிணற்று மேட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பெண்களை அவளே விரட்டினாள். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேராகக் கேட்கலாம் என்று நீ சொன்னதுதானே சரி?

மெட்ராஸுக்கு நீ வரவில்லை. பெற்றவர்களே கேட்டதால் டீமைத் தடுக்க முடியவில்லை, ஆனால் ஸ்டாஃப் இல்லாதவர் வரக்கூடாது என்றார்கள். செல்வி ஐம்பது மீட்டரும் ஒரே மூச்சில் போய் எதிர்ச் சுவரைத் தொட்டாள். மூன்றாவது. அந்தக் கோப்பை இன்னும் கரஸ்பாண்டன்ட் ரூமில் இருக்கிறது, பக்கத்தில் அவர் அதை வாங்குகிற போட்டோவும். உன் பெயர் எங்கேயும் இல்லை.

ஒரு தடவை பேர் கெட்டது போதும் என்று உன் வீட்டில் வேறு பள்ளிக்கும் அனுப்பவில்லை. நான் எப்போது வந்தாலும் தோசை வார்த்துக்கொண்டே, "இன்னிக்கு எட்டாங்கிளாசுக்கு இன்னா பாடம் நடத்துனாங்க?" என்று கேட்பாய். பதினோரு வருஷம் கேட்டாய். உன் தியாகத்தை யாரடி கேட்டது? அப்பா செத்த பிறகாவது, நான் பர்மனென்ட் ஆன பிறகாவது, "போய்ச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ சொல்லவில்லை என்பதைச் சாக்காக வைத்து நான் வசதியாக இருந்துவிட்டேன்.

ஊர்ச் செய்தி கேட்கிறாயா? உன் தோப்புக் கிணற்றுத் தண்ணீர் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. வாயில் வைத்தால் கரிக்கிறது. தென்னை ஒவ்வொன்றாய்த் தலை கவிழ்கிறது. டேனரிக்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஆள் கையை விரிக்கிறார்கள். நம் பள்ளியில் பெண்களுக்கு நீச்சலே இல்லை. உன் மகன் மட்டும் என்னை வாசலில் பார்த்ததும் "காலா" என்று ஓடி வருகிறான். அம்மாவின் தங்கையைக் கூப்பிடுகிற அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் பாத்திஹாவிலிருந்து நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். இவளிடமாவது முதலில் சொல்லிவிடலாம் என்று. உட்காரக்கூட இல்லை. "அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது நான்தாம்மா, மெஹரு இல்ல" என்றேன்.

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். நீங்க அவங்ககிட்ட கத்துனத செல்வி கேட்டுச்சாம், வேல போன அன்னிக்கே சொல்லிச்சு. ஆபீசுக்கே போய்க் கேக்கலாம்னு கெளம்புனேன். அந்தம்மா வீடு தேடி வந்து என் கையப் புடிச்சிக்கிச்சு. வாயத் தெறக்காதம்மா, எஸ்தர் பாவம்னு. அதுக்காக நான் வாயத் தெறக்கல" என்றாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களைத் தெறக்க வாணாம்னு யாரு டீச்சர் சொன்னது?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா, மெஹரு?

இதை ஆண்டு மலரில் போட்டால் போடட்டும். போடமாட்டார்கள், தெரியும். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கரஸ்பாண்டன்ட் மேடையில் இருப்பார், கன்னியம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். இதை ஒரு வரி விடாமல், உரக்க, நின்றுகொண்டு படிப்பேன். வேலை போனால் போகட்டும். இந்தத் தடவை என் காலை மிதிக்க நீ பக்கத்தில் இல்லை.

உன் பிள்ளைக்குக் காலா,
உனக்கு இத்தனை வருஷம் கழித்துத் தங்கையாக இருக்கப் பார்க்கிற
எஸ்தர்