எரியாத கூரைக்கு ஊற்றிய தண்ணீர்

குளுவாங்
12-3-1931

அன்பு ஐயாசாமிக்கு, சபாபதி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஒரே கப்பலில் வந்தவர்கள், இரண்டு வருடமாக ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

நம் ரப்பர்த் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருக்கிறார். பங்களாச் சுவரில் பெரிய படம் ஒன்றை மாட்டியிருக்கிறார். அவருடைய பாட்டனார் காலத்தில் சீமையில் வரைந்ததாம். ஒரு வீடு பற்றி எரிகிறது. பித்தளைத் தொப்பி போட்ட தீயணைப்புக்காரர்கள் குழாயைப் பிடித்து நிற்கிறார்கள். ஆனால் தண்ணீர் போவது பக்கத்து வீட்டுக் கூரைக்கு! கணக்குப் புத்தகத்தோடு போன நான், வரைந்தவன் தப்புப் பண்ணிவிட்டான் என்று சிரித்தேன். துரை சிரிக்கவில்லை. "எரிகிற வீடு போனது போனதுதான், கிராணி. அடுத்ததையாவது காப்பாற்ற வேண்டாமா?" என்றார்.

உடனே உன் நினைவுதான் வந்தது. நம் புகைக்கூடம் எரிந்த அன்று, உள்ளே உலர்ந்த ரப்பர்ச் சீட்டுகளை விட்டுவிட்டு, நீயும் நாமெல்லாம் குடியிருந்த லயத்துக் கூரையில் ஏறித்தானே தண்ணீர் ஊற்றினாய்? ஆட்களெல்லாம் பால்வெட்டப் போயிருந்த நேரம். மறுநாள் காலை, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், "இவன் தன் வீட்டுச் சட்டிபானையைத்தான் காப்பாற்றினான்" என்று பழைய துரையிடம் சொன்னவன் நான். அதனால்தான் உன் வேலை போனது. மன்னித்துவிடு. புதுத் துரையிடம் பேசிவிட்டேன், வேலை தருகிறார். வந்துவிடடா.

உன்
சபாபதி

உலு திராம்
2-4-1931

கிராணி சபாபதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மர ஆலையில் வேலை. குறையில்லை.

அன்று கூரைமேல் நின்று, "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, லயம் பத்திக்கும்டா, வாளியக் குடு!" என்று கத்தினேன். கீழே நின்று கேட்டவர் நீங்கள்தான். நான் சொன்னதை நம்பவில்லை. படம் சொன்னதும் நம்பிவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்.

என் மானத்தை வாங்கியது பெரட்டில், நூறு பேர் கேட்க. மன்னிப்பு மட்டும் ஒட்டின கவருக்குள்ளேயா?

வேலை வேண்டாம்.

ஐயாசாமி

குளுவாங்
9-4-1931

ஐயாசாமி,

இன்று காலைப் பெரட்டில் உன் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். பால்வெட்டும் வெள்ளையம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"அவரு நனைச்ச கூரைக்குக் கீழதான் கெராணி நாங்க இன்னமும் படுத்திருக்கோம். எங்களுக்கு அன்னைக்கே தெரியும். எங்கள யாரு கேட்டா?"

உண்மைதான், நான் ஒருவரையும் கேட்கவில்லை. பெயர் கூப்பிட வேண்டிய நேரம் அது. கூப்பிடாமலே ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

வேலைக்கு வா என்று இனி எழுதமாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே உலு திராமுக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் போகிறது. அக்கம்பக்கம் கேட்க என்னை நாலு வார்த்தை திட்டு. நின்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

சபாபதி