மூன்று நாட்டுக்கும் ஒரு மேனேஜர்

8-2-1937, திங்கள்

மாணிக்கத்துக்கு ஏற்காட்டுக்கு மாற்றல். காப்பித் தோட்டத்து ரைட்டர் வேலை. துரை போ என்றால் போக வேண்டியதுதான். மாசி பிறந்ததும் கிளம்புகிறார். மூன்று வருஷமாக நம் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் மேனேஜர். துறையூர்ப் போட்டியில் ஜெயித்த ஷீல்டு இரண்டு வருஷமாக நம்மிடம் இருக்கிறது. கடையில் மண்ணெண்ணெய் டின்களுக்கு மேலே பெரிய ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். மிளகு கொண்டு வருகிறவன் முதலில் அதைப் பார்க்கிறான், அப்புறம்தான் என் தராசைப் பார்க்கிறான்.

அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறியவன் நான். இன்றைக்கு 'கந்தப்பன் கிளப்' என்றால் துறையூர், முசிறி, நாமக்கல் எல்லாம் தெரியும். பனியன் ஒவ்வொன்றிலும் நெஞ்சுக்கு நேராக என் பேர் சிவப்பு நூலில் இருக்கிறது. பெருமைப்படக் கூடாதா? படுவேன்.

ஆனால் அடுத்த மேனேஜர் யார்? மார்ச் 7-ல் முதல் ஆட்டம். ஜெயித்தால் ஏப்ரல் 4-ல் ஃபைனல்.

11-2-1937

"நீங்களே இருந்துட்டாப் போச்சு. கிளப்பே உங்க பேர்ல தானுங்க இருக்குது," என்றாள் என் வீட்டுக்காரி பொன்னம்மாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்வானேன், மாணிக்கம் சொன்ன நிமிஷத்திலேயே நினைத்துவிட்டேன்.

14-2-1937, ஞாயிறு

இன்று செம்மேட்டுப் பொட்டலில் நானே நின்று பழக்கினேன். எது சொன்னாலும் "சரிங்க முதலாளி." குறுக்கே அடி என்றால் சரிங்க முதலாளி. தப்பாகச் சொல்லித் திருத்தினாலும் சரிங்க முதலாளி. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முடிந்த பிறகு பார்த்தால் கேப்டன் வெள்ளியங்கிரியின் கணுக்கால் பலாப்பிஞ்சு போல வீங்கியிருக்கிறது. ஏனப்பா சொல்லவில்லை என்றேன். தலையைச் சொறிகிறான். நாளைக்கு என் மூட்டையைத்தான் அவன் சுமந்து இறங்க வேண்டும். சுமை கொடுக்கிறவனிடம் கால் வலிக்கிறது என்று எவன் சொல்வான்? மாணிக்கத்திடம் சொல்வான்கள். அவர் அவனவன் வீட்டில் உட்கார்ந்து சாமைச் சோறு தின்றவர்.

நான் சரிப்படமாட்டேன். எழுதிவிட்டேன், முடிந்தது.

19-2-1937, வெள்ளி

துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாமலையை வரவழைத்தேன். நல்ல மனுஷன். மலை ஏறி வந்த களைப்பில் மோர் மட்டும் குடித்துவிட்டு நேரே பொட்டலுக்குப் போனார். இரண்டு நாள் பார்த்தார். திறமை பார்த்துப் பதினோரு பேரைப் பொறுக்கினார். எட்டுப் பேர் திண்ணனூர் நாடு, மூன்று பேர் வாழவந்தி நாடு. சேலூர் நாட்டுக்கு ஒன்றுமில்லை.

மாலையில் சேலூர்ப் பயல்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வாழவந்தி மூவரும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் காலுக்குப் பந்தே வரவில்லை. திண்ணனூரான் திண்ணனூரானுக்கே தள்ளுகிறான். இந்த மலையில் பத்துப் பதினைந்து ஊரைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். ஒரு நாட்டானுக்கு இன்னொரு நாட்டான் அதிகாரம் பண்ண முடியாது. அது அவர்கள் பாட்டன் காலத்து ஏற்பாடு, என் ஷீல்டுக்காக மாறுமா?

மாஸ்டருக்குக் கோபம் இல்லை. சிரித்தார். "கந்தப்பா, இவங்களுக்கு என்னை மாதிரி ஆளு வேண்டாம். மூணு நாட்டுலயும் சம்பந்தம் வெச்சிருக்கிற ஆளாப் பாரு," என்றார். நல்லவேளை, அவரே சொல்லிவிட்டார். ஒரு கூடை மலைவாழை கொடுத்து அனுப்பினேன்.

மூன்று நாட்டிலும் சம்பந்தமா? ஆம்பளை பிறந்த நாட்டிலேயே கிடக்கிறான். பெண் எடுக்கலாம், அவ்வளவுதான்.

23-2-1937

மிளகு காய்கிறது. மேனேஜர் கிடைக்கவில்லை.

26-2-1937, வெள்ளி

இன்று சந்தை. என் கடைக்கு முன்னாலேயே வெள்ளியங்கிரியும் சேலூர் ராசுவும் கட்டிப் புரளாத குறை. ராசு நம் கோல்கீப்பர். விட்டுப் போனவர்கள் காட்டெருமை, விடாதவர்கள் பொட்டிப் பாம்பு என்று என்னென்னவோ பேச்சு. நான் போய் விலக்கினால் "சரிங்க முதலாளி" என்று விலகி, அந்தப் பக்கம் போய் மறுபடியும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்போது வந்தாள் அத்தாயி. என் தொழிலுக்கு வாய்த்த தலைவலி அவள். புருஷன் போன பிறகு ஊர் ஊராக நடந்து ஆமணக்கும் பழமும் தானே வாங்கி, விடியலில் புளியஞ்சோலைக்கு இறக்கி விற்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் மேலே வந்துவிடுகிறாள். எத்தனையோ சரக்கு என் கடைக்கு வராமல் அவள் தலையில் போய்விட்டது.

கூடையை இறக்கினாள். வெள்ளியங்கிரியின் காதைப் பிடித்தாள். "ஏன்டா தம்பி, அக்கா மானத்தைச் சந்தையில விக்கிறயா?" அவன் தலை தொங்கிவிட்டது. ராசுவிடம் திரும்பினாள். அவனைத் தொடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாப்ள, நீங்களும் இப்படிப் பண்ணலாமுங்களா?" என்றாள். காதைப் பிடித்ததைவிட அது அதிகம் சுட்டது போலிருக்கிறது. ராசு அவள் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் பிறந்தது திண்ணனூர் நாடு. வாக்கப்பட்டது வாழவந்தி நாடு. மகளைக் கொடுத்தது சேலூர் நாடு, ராசுவின் அண்ணனுக்கு. ஒரு நாட்டில் அக்கா, ஒரு நாட்டில் மருமகள், ஒரு நாட்டில் சம்பந்தி.

பொம்பளைதான் நாடு மாறுகிறாள். இது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே.

போயும் போயும் அத்தாயியா?

1-3-1937, திங்கள்

அவள் ஊட்டுக்கே போனேன். களத்தில் ஆமணக்கு முத்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். பந்தை ஒரு தரமாவது காலால் தொட்டதுண்டா என்று கேட்டேன். "மாணிக்கம் தொட்டுருக்காருங்களா?" என்றாள். தொட்டதில்லை. உண்மைதான்.

ஒவ்வொரு ஆட்டத்தையும் புளியஞ்சோலையிலிருந்து நடந்து போய்ப் பார்த்திருக்கிறாளாம். போன வருஷம் எந்தக் கோல் யார் சோம்பலால் போனது என்று சொன்னாள். எனக்குத் தெரியாதது இரண்டு சொன்னாள்.

வாரேன் என்றாள். ஒரு நிபந்தனை.

"பந்தை உதைக்கிறது எங்க பசங்க காலுங்க. நெஞ்சுல மட்டும் உங்க பேருங்களா, கடைக்காரரே? அதை எடுத்துப் போட்டுட்டு மலை பேரை வைய்யுங்க. உங்க பேரு இருக்கிற மட்டும் அவங்க உங்க சுமைக்காரங்கதான்."

எழுந்து வந்துவிட்டேன். யார் வாங்கின பந்து? யார் கொடுத்த சோறு? பேரை எடு என்கிறாள். எவ்வளவு திமிர்.

8-3-1937, திங்கள்

நேற்று முதல் ஆட்டம். மேனேஜர் இல்லாமல் போனோம். ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். எதிராளியின் பேக் ஆட்டக்காரன் தன் கோலிலேயே அடித்துக்கொண்டான், அதனால் ஜெயித்தோம். இடைவேளையில் நம் ஆட்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் ஒருத்தன், "கந்தப்பன் கிளப்புல எத்தனை கிளப்புப்பா?" என்றான். சுற்றிலும் சிரிப்பு.

என் பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். பனியனில் இருந்ததால்தானே சிரித்தார்கள்.

10-3-1937

பொன்னம்மாள் ஊசியால் சிவப்பு நூலைப் பிரித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். பதினோராவது பனியனை உதறி மடித்துவிட்டு, "துணி கிழியலீங்க," என்றாள். அவ்வளவுதான்.

'கொல்லிமலை' என்று தைக்கச் சொன்னேன். பிரித்த நூல் பாதி அறுந்துவிட்டது, பற்றவில்லை. நீல நூலும் கலந்திருக்கிறது.

14-3-1937, ஞாயிறு

அத்தாயி ஆட்களைப் பொறுக்கிய விதத்தை எழுதியே ஆக வேண்டும். நான் வியாபாரி, நல்ல தந்திரம் கண்டால் மதிக்கத் தெரியும்.

மூன்று நாட்டுப் பயல்களையும் தனித்தனியே உட்காரவைத்தாள். உங்கள் நாட்டில் யார் நல்ல ஆட்டக்காரன் என்று கேட்கவில்லை. அடுத்த நாட்டில் எவன் எதிரே நின்றால் உங்களுக்கு வயிறு கலங்கும் என்று கேட்டாள். திண்ணனூரான் சேலூர்ப் பேரைச் சொன்னான், சேலூரான் வாழவந்திப் பேரை, வாழவந்தியான் திண்ணனூர்ப் பேரை. பதினோரு பேர் தேறினார்கள். நான்கு, நான்கு, மூன்று. ஒருத்தன்கூட முனகவில்லை. எதிரி வாயாலேயே கெட்டிக்காரன் என்று வாங்கின பேரை எவன் வேண்டாம் என்பான்?

மாலையில் ஆடினார்கள். ராசு பந்தைப் பிடித்து நேரே வெள்ளியங்கிரிக்கு எறிந்தான். நான் கடையைப் பூட்டக்கூட மறந்து வந்திருந்தேன்.

24-3-1937, புதன்

திண்ணனூர் நாட்டில் நோம்பி சாட்டிவிட்டார்கள், கோயில் திருவிழா. வரும் வாரம் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும் மட்டும் அந்த நாட்டான் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் எல்லைக்குள் கால் வைத்தாக வேண்டும். துறையூர் போய் ஃபைனல் ஆடிவிட்டு அன்றைக்கே மலை ஏறுவது நடக்காது. திண்ணனூரார் நான்கு பேர். வெள்ளியங்கிரி அதில் ஒருத்தன்.

ஷீல்டு கமிட்டி வைத்த தேதிக்குத் தலையாட்டியவன் நான். பஞ்சாங்கம் பார்த்தேன், அமாவாசை பார்த்தேன், நோம்பியைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் மலையில் இருந்து என்ன பிரயோஜனம்.

27-3-1937, சனி

அத்தாயியும் நானும் துறையூர் போய் கமிட்டியைப் பார்த்தோம். மேனேஜரைக் கூப்பிடு என்றார்கள். "நான்தானுங்க சாமி," என்றாள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை அவள் பொறுத்திருந்தாள். பழம் விற்கும்போதும் இப்படித்தான் நிற்பாள், எனக்குத் தெரியும்.

தேதியை மாற்ற முடியாது என்றார்கள். தேதி வேண்டாம், இடத்தை மாற்றுங்கள் என்றாள். புளியஞ்சோலையில் அறுத்துப்போட்ட வயல் இருக்கிறது, காலையில் ஆட்டம். "நீங்க துறையூர்ல வெச்சா மலையில இருந்து நூறு பேரு வருவாங்க. அடிவாரத்துல வெச்சா மலையே இறங்கி வருமுங்க. டிக்கெட்டு யாருக்கு விக்கோணும்னு நீங்களே ரோசனை பண்ணுங்க."

ரோசனை பண்ண அவர்களுக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம்தான் ஆனது. திரும்பும்போது அவள் மேல் எனக்கு வந்தது பொறாமை இல்லை. பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

5-4-1937, திங்கள்

நேற்று. நிதானமாக எழுதுகிறேன்.

மலை இறங்கித்தான் வந்தது. வரப்பெல்லாம் ஆள், புளியமரத்தில் ஆள், ஓடைப் பாறையில் ஆள். எதிர்த்து ஆடியது திருச்சியிலிருந்து ஒரு மில் கிளப். அவர்கள் பஸ் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. காலை ஆட்டம் உச்சிக்குப் போய்விட்டது. நான் வானத்தையும் பார்க்கிறேன், மலையையும் பார்க்கிறேன்.

எப்பேர்ப்பட்ட ஆட்டம். அவர்கள் ஒன்று போட்டார்கள். வாழவந்திப் பையன் தள்ள, வெள்ளியங்கிரி தலையால் முட்டி ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. விசில். ரெஃப்ரீ எக்ஸ்ட்ரா டைம் என்றார்.

அத்தாயி நிழலைப் பார்த்தாள். இப்போது ஏறினால்தான் விளக்கு வைப்பதற்குள் எல்லை. திண்ணனூரார் நால்வரையும் கூப்பிட்டுக் கிளம்பச் சொன்னாள்.

நான் குறுக்கே போனேன். கொஞ்ச நேரம்தானே, இருட்டினால் எவன் பார்க்கப் போகிறான் என்றேன். சொன்னேன், ஆமாம். ஷீல்டு கண்ணுக்கு முன்னால் இருந்தது.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு நான் காப்பை மீறச் சொன்னேன்னா, நாளைக்கு எந்த நாட்டுலீங்க என் பேச்சு எடுபடும்? எந்தக் கையை வெச்சு இவங்க காதைப் பிடிப்பேன்?"

ஒதுங்கி வழி விட்டேன். வெள்ளியங்கிரி பனியனைக் கழற்றி ராசுவின் தோளில் போட்டான். "நீ இருக்கேல்ல," என்றான். ராசு, "நீ ஏறு. நாங்க நிக்கிறோம்," என்றான். நால்வரும் ஓடையைத் தாண்டி ஏறினார்கள். மேலே போகப் போக ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கீழே பார்த்தார்கள்.

ஏழு பேர் நின்றார்கள், பதினோரு பேருக்கு எதிரே. ராசுவின் நெற்றியில் ரத்தம். பந்தை விடவில்லை. சேலூரானும் வாழவந்தியானும் ஒருத்தனுக்கு ஒருத்தன் விழுந்து மறித்தார்கள். ஓடையில் நின்ற சனம் முழுக்கக் "கொல்லிமலை, கொல்லிமலை" என்று கத்துகிறது. நானும் கத்தினேன். என் பேராக இருந்திருந்தால் நான் கத்தியிருக்க முடியுமா?

கடைசி விசிலுக்குச் சற்று முன் ஒன்று உள்ளே போய்விட்டது.

ஷீல்டைக் கொண்டு போய்விட்டார்கள். போகும் முன் அவர்கள் கேப்டன் வந்து அத்தாயியைக் கும்பிட்டான். நம் ஆட்கள் களைத்து ஒடிந்து கிடந்தார்கள். பந்து மூட்டையையும் எலுமிச்சம்பழக் கூடையையும் நான் தூக்கினேன். அந்தப் பாதையில் தலைச்சுமையோடு ஏறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கழுத்து வலிக்கிறது. நல்ல வலி.

16-4-1937, வெள்ளி

நோம்பி முடிந்தது. வெள்ளியங்கிரி நோம்பிக் கறியை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு சேலூருக்குப் போயிருக்கிறான், ராசுவின் ஊட்டுக்கு. யாரும் சொல்லி அனுப்பவில்லை.

20-4-1937

கீழேயிருந்து மிளகு வாங்க வந்த தரகர், ஷீல்டு போய்விட்டதே, மேனேஜரை மாற்றுகிறீர்களா என்றார். அடுத்த வருஷ ஃபைனல் தேதியைக் கமிட்டி எங்கள் மேனேஜரைக் கேட்டுத்தான் வைக்கப் போகிறது, நோம்பி தேதி அவளுக்குத்தான் தெரியும் என்றேன். இந்த ஜில்லாவில் வேறு எந்தக் கிளப்புக்கு அந்த மரியாதை உண்டு? அவர் மிளகை நிறுக்கச் சொல்லிவிட்டார்.

29-4-1937, வியாழன்

போர்டு எழுதுகிறவன் வந்தான். 'கொல்லிமலை கால்பந்து கிளப்' என்று பெரிதாக எழுதினான். கீழே 'மேனேஜர்: அத்தாயி'. தூரிகையைத் துடைத்துவிட்டு, முதலாளி பேரை எங்கே போடட்டும் என்று கேட்டான்.

பந்து மூட்டை தூக்குகிறவன் பேரையெல்லாம் எந்த போர்டில் போடுகிறார்கள் என்றேன்.

ஷீல்டு இருந்த ஆணி சும்மா இருக்கிறது. அதிலேயே போர்டை மாட்டினேன்.