மாட்டுத் தடத்தில் நடந்த அத்தானுக்கு

ஓய்வு பெற்ற பிறகும் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டே காலைத் தேநீர் குடித்த என் அன்பு அத்தானுக்கு,

அடுத்த கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். பத்திரிகையில் போடுவதற்கு அக்கா படம் தெரிவு செய்து வைத்துவிட்டார். சீருடைப் படம் இல்லை, வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருக்கும் படம். அதற்குக் கீழே, நான் அன்று நிருபராக எழுதிய முற்றுகைக் கதையைப் போடவேண்டும் என்பது அவருடைய ஆசை.

"புதுசா ஒண்டும் எழுதாதை. அப்ப எழுதினதையே போடு. அதைவிட வடிவா ஆர் எழுதப்போயினம்?" என்றார்.

அலுமாரியில் இருந்து அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து வாசித்தேன். அதில் ஒரு வரி பிழை, அத்தான். ஏழு வருடமாக அந்த வரியை நம்பிப் பிள்ளைகள் நடந்திருக்கிறார்கள். அதனால் அக்கா கேட்டதை எழுதாமல் இதை எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். முன்பு நான் ஒழுங்காகச் சொல்லவில்லை.

மார்கழி மழை விட்ட கிழமை அது. முல்லைத்தீவு வீதியால் போய்க் காட்டுப்பக்கம் திரும்பும், சரளைக்கல் போட்ட கிறவல் பாதையில், ஒரு வீட்டில் கொள்ளையடித்து ஒருவரை வாளால் வெட்டிவிட்டு ஓடிய நான்கு பேரைப் பொலிஸ் விடியுமுன் துரத்தியது. அவர்களுடைய மோட்டார் சைக்கிள்கள் சேற்றில் புதைந்தன. பக்கத்தில் இருந்த தவமலரின் வீட்டுக்குள் புகுந்து கதவைப் பூட்டினார்கள். மூன்று பேரிடம் வாள். தலைவனாக இருந்த, கட்டையன் என்று எல்லோரும் சொன்ன மனிதனிடம் ஒரு கட்டுத்துவக்கு, காட்டில் பன்றி சுடுபவர்கள் தாங்களே செய்துகொள்வது. தவமலரின் புருசன் கட்டாரில் வேலை. வீட்டில் அவரும் எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. வீட்டின் முன்னும் இரு பக்கங்களிலும் பொலிஸ். பின்பக்கத்தில் ஒருவரும் இல்லை. அங்கே குசினிக் கொட்டிலுக்கு அப்பால் குளக்கட்டு வரை எழுபது காலடி நீளமான வெறும் நிலம். அதைச் சுற்றி மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி நிலத்தால் கள்ளன் ஓடமாட்டான் என்று பொறுப்பதிகாரி கணக்குப் போட்டிருந்தார். உள்ளே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அவர்கள் அறியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அதற்கு மூன்று வருடம் முன்பு, மீள்குடியேற்றம் பற்றி எழுதப் போனபோது தவமலர் சொன்னது அது.

"வெடி எடுக்கிறவை துப்பரவாக்கிப்போட்டுத்தான் போனவை அண்ணை. கழட்டின பலகையளை நான்தான் திரும்ப அடிச்சு வைச்சனான். பலகை நிண்டா மண் ஏத்திற ட்ரக்டரும் வராது, மரம் தறிக்கிறவனும் வரான். எழுதிப்போடாதையுங்கோ."

ஆண் துணை இல்லாத வீட்டுக்கு அது நல்ல வேலி. நான் சிரித்தேன். எழுதமாட்டேன் என்று சொன்னேன், எழுதவும் இல்லை. எழுதும் எதையும் இரண்டு இடத்தில் கேட்டுச் சரிபார்ப்பது என் வழக்கம். இது எழுதப்போவதில்லை என்பதால் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. நிலத்தைத் துப்பரவாக்கினால் அதற்கு ஒரு கடதாசியும் வரைபடமும் இருக்கும். அவை கிளிநொச்சியில் நான் மாதம் இரண்டு முறை போய்வந்த ஒரு அலுவலகத்தில் இருந்தன.

வவுனியாவில் இருந்து விசேட அணி வந்துகொண்டிருந்தது. வந்தவுடன் கதவை உடைப்பார்கள். அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்த சார்ஜன்ட் நீங்கள் ஒருவர்தான், விடிந்ததில் இருந்து ஒலிபெருக்கியில் கதைத்துத் தொண்டை கட்டியிருந்தது. என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க வந்தீர்கள். போத்தலைத் திருப்பித் தந்தீர்கள். கதவை உடைத்தால் முதலில் சாவது பிள்ளைகள்தான் என்றீர்கள்.

பலகைகளின் கதையை அப்போதுதான் உங்களுக்குச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"வடிவாத் தெரியுமோ? நிச்சயமோ?"

"ஓம்" என்றேன்.

அந்த ஓம்தான் அத்தான். நாற்பது வருடம் எழுதியதை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு சொல்லின் பாரம் கூடுதல்.

பொறுப்பதிகாரி உங்களை அனுப்ப மறுத்தார். வெடி நிலத்துக்குள் போகும்படி ஒருவருக்கும் கட்டளையிடமாட்டேன் என்றார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, போகிறவரைத் தான் பார்க்கவில்லை என்றார். நீங்கள் ஒரு இளம் சிங்களக் கான்ஸ்டபிளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து, சொல்லவேண்டிய தமிழைச் சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தீர்கள். அவன் அதைப் பார்த்து உரத்துச் சொன்னான். "எல்லாரும் வெளியே வா."

உள்ளே இருந்து ஒரு குரல். "ஐயா, வாங்கோ எண்டு மரியாதையாச் சொல்லும். வா எண்டா நாங்கள் வரமாட்டம்."

அவன் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வாங்கோ" என்றான். உள்ளே நான்கு பேரும் சிரித்தார்கள், வெளியே பொலிசும் சிரித்தது. அந்த அப்பாவித் தமிழைக் கேட்க நால்வரும் முன் யன்னலுக்கு வந்துவிட்டார்கள். தேநீர் வைக்கச் சொல்லி அவர்கள் குசினிக்கு அனுப்பியிருந்த தவமலரிடம் பிள்ளைகள் இரண்டும் மெல்ல நழுவிப் போயின. தன்னால் ஓட முடியவில்லை, கால் வரவில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

அதற்குள் நீங்களும் நானும் அயலவரின் வளவால் சுற்றிக் குளக்கட்டில் ஏறியிருந்தோம். நீங்கள் பலகைகளுக்கு நடுவே இறங்கினீர்கள். நான் குளக்கட்டிலேயே நின்றேன். நிலத்தில் வெடி இல்லை என்று சொன்னவன் நான், ஆனால் கூடவே இறங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஏன்?

நீங்கள் நேராக நடக்கவில்லை. மழை ஈரத்தில் ஒரு மாட்டின் குளம்படிகள் வளைந்து வளைந்து போயிருந்தன. மாட்டுக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. நீங்கள் குனிந்து பார்த்து, ஒவ்வொரு குளம்படியிலும் ஒரு கால் வைத்துப் போனீர்கள். எனக்கு அப்போது சின்னக் கோபம். நான் ஓம் என்று சொன்ன பிறகும் இந்த மனிதன் மாட்டை நம்புகிறாரே என்று.

குசினிக் கொட்டிலில் இருந்து சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினீர்கள். உங்கள் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி மூத்தவள், அவளுக்குப் பின்னால் தவமலர். நீங்கள் மெதுவாகச் சொன்னது குளக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது. "என்ரை கால் வைச்ச இடத்திலை மட்டும் வையுங்கோ. அவசரம் வேண்டாம்."

பாதித் தூரம் வந்தபோது கட்டையன் துவக்கோடு குசினிக்குப் பின்னால் ஓடி வந்தான். பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். சுடவில்லை. துவக்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்.

"சார்ஜன்ட் ஐயா, அது வெடி நிலம். பிள்ளையளைத் தூக்குங்கோ!"

அந்த இடத்திலேயே அவனைப் பிடித்தார்கள். மற்ற மூவரும் கையை உயர்த்திக்கொண்டு முன்கதவால் வந்தார்கள். விசேட அணி வந்து சேர்ந்தபோது தவமலர் அயல் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன எழுதினேன்? வெறும் பலகைக்குப் பயந்து நின்ற வீரன் என்று கட்டையனை நக்கலடித்தேன். ஊரே வாசித்துச் சிரித்தது. உங்களைப் பற்றி எழுதிய வரி இது: 'அந்த நிலத்தில் ஒரு வெடியும் இல்லை என்பதை அறிந்தே சார்ஜன்ட் நடந்தார்.'

அந்தப் பத்திரிகையை நீங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தீர்கள். பிறகு கேட்டீர்கள். "மச்சான், அந்தத் துப்பரவுக் கடதாசியைக் கண்ணாலை கண்டனியோ?"

"அதெல்லாம் சரி அத்தான்" என்றேன். நீங்கள் பத்திரிகையை நான்காக மடித்தீர்கள். அதைப் பற்றி அதன் பிறகு ஒரு கதையும் இல்லை.

போன கிழமை, இந்த அஞ்சலிக்குப் படம் எடுக்கலாம் என்று அங்கே போனேன். என் கட்டுரை வந்த பிறகு பலகைகள் எல்லாம் போய்விட்டன. பொய்ப் பலகை என்று தெரிந்தால் யார் விட்டுவைப்பார்கள்? நீங்கள் நடந்த வளைவு இப்போது ஒற்றையடிப் பாதை. கிறவல் பாதையால் சுற்றினால் பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீற்றர் கூடுதல். குளக்கட்டால் போனால் பத்து நிமிடம்.

பாதையின் இரு பக்கமும் சிவப்பு முனை வைத்த தடிகள் ஊன்றியிருந்தன. பாதையை வீதியாக்கக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் நிலத்தைச் சோதிக்க வெடி அகற்றுபவர்கள் வந்தார்கள். கட்டுப் பக்கத்துப் பாதியில் இரண்டு மிதிவெடிகளை எடுத்தார்கள். ஒன்று பாதையில் இருந்து ஒன்றரைச் சாண் தள்ளி. அவர்களில் ஒருவர் கைவிரல்களை விரித்து எனக்கு அளந்து காட்டினார். அந்தக் காலத்தில் வீட்டுப் பக்கத்துப் பாதியைத்தான் துப்பரவாக்கியிருக்கிறார்கள், மழை வந்ததும் மற்றப் பாதியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேலை முடிந்தது, கட்டுப் பக்கப் பலகைகளைக் கழற்ற மறந்துவிட்டார்கள் என்று தவமலர் நினைத்தார். கட்டுப் பக்கம் நின்ற பலகைகள் மறந்து விட்டுப் போனவை அல்ல. அவை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு நின்றன.

கிளிநொச்சிக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தேன். பாதி நிலத்துக்குச் சிவப்புக் கோடு. மேசையில் இருந்த பெண் அதை எடுத்துத் தர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போதும் மழை. சோதிக்கிறவர்கள் தை பிறந்த பிறகுதான் திரும்ப வருவார்களாம். அவர்கள் கட்டிவிட்டுப் போன சிவப்பு நாடாவை யாரோ பயற்றங்கொடிக்குக் கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் திரும்ப அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தவமலரின் மூத்தவள், இப்போது பதினைந்து வயது, புத்தகப் பையோடு அந்தப் பாதையால் வந்தாள். நில், வராதே என்று கத்தினேன். என் குரல் கட்டையனின் குரல் மாதிரியே இருந்தது. அவள் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இது சார்ஜன்ட் மாமா நடந்த பாதை மாமா. ஒண்டும் செய்யாது. நீங்கள்தானே எழுதினனீங்கள்."

அன்றில் இருந்து காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், தொலைபேசி அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்கும், புதைந்தது இடம் மாறும் என்று அளந்து காட்டிய மனிதர் சொன்னார். ஒன்றரைச் சாண் இப்போது எத்தனை சாணாக இருக்கும்?

இன்னொன்றும் யோசிக்கிறேன். அதன் பிறகு நீங்கள் தவமலர் வீட்டுக்குப் பல தடவை போனீர்கள். ஒரு நாளும் குளக்கட்டால் போகவில்லை. சைக்கிளில் கிறவல் பாதையால் சுற்றித்தான் போவீர்கள். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்ததா அத்தான்? இருந்தால் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை? சொன்னால் உங்கள் மனைவியின் தம்பி பொய்யன் ஆகிவிடுவான் என்றா? என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பத்திரிகையை நான்காக மடித்தீர்களா?

அக்காவிடம் நேற்றுச் சொன்னேன். "அவரை நீ சாகத்தான் அனுப்பினனி" என்றார். இன்று காலை தேநீர் தந்தார்.

எழுதியதைத் திருத்துகிறேன். அந்த நிலத்தின் ஒரு பாதியில் வெடி இருந்தது, இன்னும் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னது நான். கட்டையன் பிள்ளைகளுக்காகவே பயந்தான், அவன் சொன்னது சரி. அவன் இன்னும் சிறையில் என்று கேள்வி. அவனுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன்.

நாளை காலை ஆறு மணிக்கு நானும் தவமலரும் பாதையின் இரு தலைப்பிலும் பலகை அடிக்கிறோம். மண்டையோட்டை மூத்தவளே கீறியிருக்கிறாள். பலகை என்றால் சும்மா வெருட்டு என்று அந்த ஊருக்குப் பழக்கிவிட்டவன் நான்தான், அதனால் பலகையை மட்டும் நம்பி விட்டுவிட்டு வரமாட்டேன். சோதிக்கிறவர்கள் திரும்பி வரும்வரை பள்ளிக்கூடம் போகிற நேரமும் விடுகிற நேரமும் குளக்கட்டில் கதிரை போட்டு இருப்பேன். உங்கள் திவசத்தன்றும் அங்கேதான் இருப்பேன், படையலுக்குப் பிந்தித்தான் வருவேன், குறை நினைக்காதீர்கள்.

இனி யாராவது என் முகத்தைப் பார்த்து வடிவாத் தெரியுமோ என்று கேட்டால், தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றே சொல்வேன். அந்தப் பதிலைத்தான் அன்றைக்குத் தண்ணீர்ப் போத்தலோடு நின்று நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தீர்கள்.

இன்னும் அந்தக் குளக்கட்டிலேயே நிற்கும்,
அக்காவின் தம்பி, உங்கள் மச்சான்