அம்பூரி வரை எட்டுப் பாட்டு

பாறசாலை,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள மகள் ஜிஜாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் ஷிஜுவும் கோழிகள் பதினொன்றும் சுகம், ஜீப்புக்கு மட்டும் சுகமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, போனில் எப்போது கேட்டாலும் சுகம் என்றுதான் சொல்லுகிறாய், வகுப்பில் வயிற்றுவலிக்காரப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், கிட்டே போய் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அபர்டீனில் மூன்று மணிக்கே இருட்டி விடுகிறது என்றாய், இருட்டினால் சாப்பிட்டுத் தூங்கிவிடாதே, மணியைப் பார்த்துச் சாப்பிடு. வியாழக்கிழமை போனில் ஷிஜு ஒரு கதை சொன்னான், நடுவில் நான் பிடுங்கி வேறொரு கதை சொன்னேன், நீ யாரை நம்ப என்று கேட்டுச் சிரித்தாய். முப்பத்தொரு வருஷம் நாலாம் கிளாஸ் எடுத்தவள் நான், இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் வாயால் சொல்ல விடமாட்டேன், எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன், எழுதும்போது பொய் பாதி குறைந்துவிடும். அதனால் நானும் எழுதுகிறேன். ஷிஜு இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படிக்காமல் அனுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், எப்படியும் படிப்பான்.

ஷிஜு டெக்னோபார்க் வேலையை விட்டு வந்து பதினாலு மாதம் ஆகிறது. அவனும், டிரம்ஸ் அடிக்கிற சஜுவும், கீபோர்டு வாசிக்கிற நமச்சிவாயம் பிள்ளை வீட்டு ஸ்ரீஹரியும் சேர்ந்து, ரப்பர் ஷீட் காயப்போடும் நம் புகைப்புரையில்தான் பாடிப் பழகினார்கள். பாண்டுக்கு வைத்த பெயர் ஒட்டுப்பால். பெயர் வைக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா, சிரட்டையில் மிச்சமாகி காய்ந்து ஊரெல்லாம் நாறுகிற சாதனத்தின் பெயரையா வைப்பது என்று கேட்டேன். ஷீட்டை எல்லாரும் மறந்துருவாவ அம்மா, ஒட்டுப்பால் நாத்தத்த ஒருத்தனும் மறக்க மாட்டான் ஆக்கும் என்றான். பதில் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். அப்பா ஒரு நாளும் திட்டவில்லை, அதுதான் ஷிஜுவுக்குத் தாங்க முடியவில்லை. பாட்டு என்று ஒன்று வீட்டில் நடப்பதாகவே அவர் காட்டிக்கொள்ள மாட்டார். சஜு டிரம்ஸைத் தொட்டால் மானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வருது பிள்ளே என்று சொல்லி முற்றத்தில் காய்கிற ஷீட்டையெல்லாம் வாரி உள்ளே போடுவார், வெயிலானால் மண்டையைப் பிளக்கும். ஒரு நாள் சஜுவே அதை நம்பி, அடிப்பதை நிறுத்திவிட்டு ஷீட் எடுக்க ஓடினான். நிறுத்தினதும் அப்பா, மழை விட்டுட்டு என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்ப வெளியே போட்டார்.

ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. ஒன்பதாவது பாட்டு அப்பாவுக்காக எழுதினது, அது அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் கூடாது. நம் ஜீப்பைத் தள்ளினவர்கள் எல்லாருடைய கதையும் அதில் உண்டு, பத்தாம் கிளாஸ் பரீட்சை அன்றைக்கு யூனிபாரத்தோடு நீ தள்ளினது, நம் போதகர் அங்கியோடு தள்ளினது, வெள்ளறடைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினது. ஏறின பேரை ஊரறியும், தள்ளின பேரை நானறிவேன் என்று தொடங்கி, வளையம் பிடிச்ச முகம் மட்டும் தள்ளின நாங்க கண்டதில்ல என்று, ஸ்டியரிங் பிடித்த அப்பாவில் வந்து முடியும். இதை அவர் முகத்துக்கு நேரே பாடினால் என்ன என்று கேட்டேன். அவருக்கே தோணிக் கேட்டா கேக்கட்டும், நான் கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டேன் என்றான். அப்பாவின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது, மூக்கும்தான். நம் ஊரில் ஆட்டோவும் வேனும் பென் டிரைவில்தான் பாட்டு வைக்கிறார்கள் என்று நூறு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் வந்தது. நேற்று, சனிக்கிழமை நாலு மணிக்கு வாசகசாலைக் கிரவுண்டில் வெளியீடு, அதே நேரத்தில் இன்டர்நெட்டிலும். அதுவரை ஒரு காக்கை கேட்கக்கூடாது என்று மூன்று பேருக்குள்ளும் கட்டளை.

இனி என் தப்பு. பெட்டி வந்தது அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள். நம் வீட்டில் எது முதலில் வந்தாலும் கோயிலுக்குத்தானே, முதல் பலாச் சக்கை, முதல் முட்டை, உன் முதல் சம்பளத்தில்கூட ஒரு குத்துவிளக்கு கொடுத்தோம். பதினாலு மாதம் புகைப்புரையில் விளைந்தது மட்டும் முதற்பலன் இல்லையா என்று எனக்குத் தோன்றிற்று. பெட்டியிலிருந்து முதல் பென் டிரைவை எடுத்தேன், சும்மா வைத்தால் காணாமல் போகும் என்று தேய்த்து வைத்திருந்த ஒரு கைக்குட்டையில் கட்டி, சேனைக்கும் முட்டைக்கும் நடுவில் கூடையில் வைத்தேன். அந்தக் கைக்குட்டை நீ அப்பாவுக்கு அனுப்பினது. ஆராதனை முடிந்து முற்றத்தில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது, ஏலம் விட்டது அப்பாவோடு ஜீப்பில் லோடு ஏற்றப் போகிற ராஜையா அண்ணன்தான். அவர் பொதியைத் தூக்கிக் காட்டி, இதுக்குள்ள என்னவுண்டுன்னு எனக்குத் தெரியாது, அவிழ்த்துப் பாக்கவும் மாட்டேன், ஆனந்தபாய் டீச்சருக்க முதற்பலன் ஆக்கும் என்று கத்தினார். சின்னப் பொதி, தேய்த்த துணி, பொன்னாகத்தான் இருக்கும் என்று தையல்கடை விலாசினி முதல் வாக்கு விட்டாள். உடனே அப்பா எழும்பி அதற்கு மேலே கேட்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று, மகனுடைய பாட்டு என்று எப்படியோ தெரிந்துகொண்டார் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து மெல்லக் கேட்டேன். சும்மா இரி பிள்ளே, அது எனக்க லேஞ்சி, ஜிஜா அனுப்பினது என்றார். இரண்டு பேரும் விடவில்லை. அந்த விலைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதுக்கும் கைக்குட்டை வாங்கலாம். கடைசியில் விலாசினி, டீச்சருக்க வீட்டுக்காரருக்கே விட்டுக் குடுத்தேன் என்று உட்கார்ந்தாள். அப்பா கைக்குட்டையை உதறிப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் வைத்து, இது என்ன கருமம் என்று கேட்டார். நான் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

விலை கொடுத்து வாங்கின எதையும் அவர் சும்மா போடமாட்டார் என்று உனக்குத் தெரியும், காலாவதியான இருமல் மருந்தைக்கூட இருமல் வரவழைத்துக் குடிப்பவர். ஜீப்பில் பாட்டுப்பெட்டி ஓட்டையின் மூடி போய் அதற்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அளவு சரியாக இருக்கிறது என்று பென் டிரைவை அதில் அடைப்பாகச் செருகிவிட்டார். திங்கள் காலை சாவியைத் திருப்பினதும் ஒட்டுப்பால் பாடத் தொடங்கியது, சஜுவின் டிரம்ஸ் முதலில். அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறாய், பழக்கதோஷத்தில் இறங்கி இரண்டு ஷீட்டை எடுத்து உள்ளே போட்டார். பிறகு பிடித்து இழுத்தார், மேல்சட்டை மட்டும் கையோடு வந்தது, எலும்பு உள்ளேயே தங்கிவிட்டது. சத்தம் குறைக்கிற திருகு போய் இரண்டு வருஷம். வயரைப் பிடுங்கலாம் என்றால் போன மழையில் மெக்கானிக் தீபு ஹாரனையும் பாட்டுப்பெட்டியையும் ஒரே வயரில் கொடுத்து வைத்திருக்கிறான், பாட்டு நின்றால் ஹாரனும் நிற்கும், அம்பூரி வளைவில் ஹாரன் இல்லாமல் போக முடியுமா. ஆகவே அப்பா காது கேளாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வெளியிடாத ஆல்பத்தை முழுச் சத்தத்தில் வைத்துத் தினமும் அம்பூரிக்கு ஷீட் எடுக்கப் போய் வந்தார். ஷிஜு என்னிடம் ஆடின ஆட்டம் சொல்லி முடியாது. ஆல்பம் வெளியிடுகது நாங்களா அப்பாவா என்று கேட்டான். தப்பு என்னுடையது, தலையைக் குனிந்து நின்றேன்.

இனி ஒரு கணக்கு, கவனமாகக் கேள். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் அந்தப் பாட்டுப்பெட்டி முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும். பாட்டு ஒன்று சுமார் ஐந்து நிமிஷம். வீட்டிலிருந்து கிளம்பினால் கோயில் நடையில் முதல் பாட்டு, உதியன்குளங்கரையில் இரண்டாம் பாட்டு, வெள்ளறடைச் சந்தையில் ஆறாம் பாட்டு, அம்பூரிக் கடை வாசலில் எட்டாம் பாட்டு பாதியில் வண்டி அணையும். திரும்பி வரும்போதும் அதே கணக்கு, வெள்ளறடையில் மூன்று, உதியன்குளங்கரையில் ஏழு, நம் வீட்டு முற்றத்தில் எட்டு. அதாவது ஒன்பதாம் பாட்டு போகும்போதும் வராது, வரும்போதும் வராது. இதை முதலில் கண்டுபிடித்தது ஸ்ரீஹரி. அன்றிலிருந்து ஷிஜு, பாட்டு வெளியே போயிற்றே என்று அழுவதை விட்டுவிட்டு, அப்பா ஒன்பது வரை போகவில்லையே என்று அழ ஆரம்பித்தான். தினமும் ஜீப்பு வந்ததும் அடுக்களைக்கு வந்து, இன்னைக்கு எதுவரை என்று கேட்பான், காய்ச்சல்காரனுக்கு எத்தனை டிகிரி என்று கேட்கிற மாதிரி. ஒரு நாள் சஜு வழியில் ஜீப்பை நிறுத்தி அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்தான், ஆனால் அப்பா டீசல் மிச்சம் பிடிக்கிறவர் அல்லவா, பேச்சு தொடங்குமுன்னே சாவியை அணைத்துவிட்டார், திரும்ப முதல் பாட்டு. அம்பூரிக்கு அப்பால் தோணிக் கடவுப் பக்கம் நல்ல நேந்திரங்காய் உண்டாம், வாங்கி வாருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், வெள்ளறடையிலேயே வாங்கிவிட்டார், அதுவும் பூவன்.

நேற்று வெளியீடு. அப்பா மத்தியானம் இரண்டு மணிக்கே, லோடு உண்டு என்று ராஜையா அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், ரப்பர் ஏற்றப் போகிறவருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாற்பது பேர் வந்தால் பெரிது என்று ஷிஜு நாற்பது நாற்காலிதான் எடுத்திருந்தான். வந்தது கிரவுண்டு நிறைய, வெள்ளறடையிலிருந்து இரண்டு வேனில் ஆள். ஜீப்புப் பாட்டுக்காரனுவ நீங்கதானா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் அவரவர் பாட்டுத்தான் தெரியும். இரண்டாம் பாட்டு தொடங்கினதும் உதியன்குளங்கரைக்காரர்கள் மட்டும் எழும்பி நின்று பாடினார்கள், முடிந்ததும் அப்படியே உட்கார்ந்தார்கள். ஆறாம் பாட்டுக்கு வெள்ளறடை எழும்பியது, நான் வருகைப் பதிவேடு எடுத்த காலம்தான் நினைவுக்கு வந்தது. நாலாம் பாட்டுக்கு ஒரே ஒரு ஆள் எழும்பினார், அவர் வீடு தனி வளைவில். வெள்ளறடைக்காரர்கள் ஆறை இன்னொருக்கப் பாடு என்றார்கள், உதியன்குளங்கரைக்காரர்கள் அப்போ எங்க ரெண்டுக்கு என்ன குறைச்சல் எலே என்று சண்டைக்கு வந்தார்கள், ஸ்ரீஹரி கும்பிட்டுச் சமாதானம் செய்தான். ஒன்பதாம் பாட்டுக்கு எழும்ப ஆளில்லை, யாரும் கேட்டதில்லை அல்லவா. ஷிஜு வாசலைப் பார்த்துக்கொண்டே பாடினான். வாசலில் ஜீப்பு வரவில்லை. பாடி முடித்ததும் கைதட்டினார்கள், நன்றாகத்தான் தட்டினார்கள், அவன் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. பெட்டியிலிருந்த தொண்ணூற்றொன்பதும் தீர்ந்துபோயின, ஷிஜு வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அப்பா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார், வெள்ளைச் சட்டை முழுக்க டீசல். நான் சட்டையை வாங்கி நனையப் போட்டேன். இன்றைக்கு ஆராதனை முடிந்து ராஜையா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நேற்று அம்பூரிக் கடை வந்தும் அப்பா நிறுத்தவில்லையாம். எலே ராஜப்பா, கடை கழிஞ்சு போச்சு என்று ராஜையா அண்ணன் சொல்ல, எனக்குத் தெரியும் நீ சும்மா இரி என்று அப்பா ஓட்டிக்கொண்டே போனாராம், ரோடு முடிந்து அணைத் தண்ணீர் நிற்கிற கடவுவரை. ஒன்பதாம் பாட்டு அங்கேதான் வந்தது. முடிந்ததும் போலாமா என்று ராஜையா அண்ணன் கேட்டிருக்கிறார். அப்பா வளையத்தைப் பிடித்தபடியே, இன்னொருக்க வரட்டும் என்றாராம். இன்னொருமுறை வர வேண்டுமானால் முன்னே எட்டும் பாடி முடிய வேண்டுமே ஜிஜா. பேச்சுக்கு ஒரு நிமிஷம் நிற்க எஞ்சினை அணைக்கிற மனுஷன், எஞ்சினை ஓட விட்டு முழு ஆல்பத்துக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அதுவும் முடிந்து இன்னொரு தடவை. மூன்றாம் தடவை ஒன்பதுக்கு ராஜையா அண்ணன் தூங்கிவிட்டாராம், கண் முழித்தபோது டீசல் தீர்ந்து வண்டி நின்றிருந்தது, தோணிக்காரர் ஒருவர் பைக்கில் போய் டீசல் வாங்கி வந்து, பிறகு கடவில் நின்ற அத்தனை பேருமாகத் தள்ளித்தான் வண்டி எடுத்தார்கள். மகன் இங்கே வாசலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அங்கே அதே பாட்டுக்காகக் காத்திருந்தார், இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

நேற்று சாப்பாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஷிஜு தலையைத் தூக்காமல் கப்பைக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்பா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எலே, அந்த ஒம்பதாம் பாட்டுல ஒரு தப்பு உண்டு என்றார். ஷிஜு தலையைத் தூக்கினான். என்ன தப்பு என்று கேட்டான். போதகர் தள்ளினது ரெண்டு தடவ இல்ல, மூணு, கிறிஸ்மசுக்கு மறுநாள நீ விட்டுட்ட என்றார். இனி பாடுகப்ப மூணுன்னு பாடுகேன் என்றான் ஷிஜு. அப்பா ம் என்று சொல்லிக் குழம்பு கேட்டார். அவ்வளவுதான் ஜிஜா மக்களே, பதினாலு மாதத்தில் பாட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசின முதல் பேச்சு. ஷிஜு கை கழுவப் போனவன் அரை மணிக்கூர் கழுவினான்.

நீ ஒன்பது பாட்டையும் வரிசையாக ஒரே இருப்பில் கேட்டிருப்பாய், இங்கே இன்னும் பலருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அப்பா போன் செய்தால் கடவுக் கதை தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, சிரிக்கவும் செய்யாதே, ஜீப்பு எப்படி இருக்கு என்று மட்டும் கேள். காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, இரண்டு முட்டையாவது அவித்துத் தின்னு. கம்பளிக் காலுறை நனைந்தால் ஹீட்டரின் மேலே போட்டுவிட்டுத் தூங்காதே, இது மூன்றாவது தடவை சொல்லுகிறேன். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், உன் கையின் வேலைகளை வாய்க்கப்பண்ணட்டும், உனக்கு அங்கே தள்ளிவிட நல்ல மனுஷர்களைத் தரட்டும்.

உன் அம்மா,
ஆனந்தபாய் ராஜப்பன்