பாப்பாவின் இடது கண்

சோழபுரம்,
செவ்வாய்க்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் சொல்ல நா எழவில்லை. போட்டோவில் பாப்பாவின் இடது கண்மணி வெள்ளையாக மின்னியபோது, "எம்மகளுக்குப் பூனைக்கண்ணுடி" என்று சிரித்தீர்களே. நானும்தான் சிரித்தேன். அது விழித்திரையில் வளர்ந்த புற்றுக்கட்டியாம். கட்டி நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும் என்றார்கள். பட்டாளத்தில் உங்களுக்கு லீவு கிடைக்கும்வரை காத்திருக்க முடியாமல், கண்ணை எடுக்க மதுரையில் நானே கையெழுத்துப் போட்டேன்.

கண்ணை அசைக்கும் தசைகளை உள்ளே வைத்த உருண்டையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மேலே பொருத்தப்போகும் செயற்கைக் கண் அதனால் அசையுமாம்.

"கண்ணுக்கட்ட அவுத்தா தெரியுமாம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"தெரியும்டி."

நேற்றுக் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

நீங்கள் வந்ததும் அவள் கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா