கடைசிக்கு வைத்த லீவு

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

அக்கா கனகா எழுதுகிறேன். சிங்கப்பூரில் நீயும் உன் வீட்டுக்காரி கீர்த்தனாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், சுகத்துக்கு உங்களுக்கு என்ன குறை. போன் போட்டால் நீயே பேசி நீயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. லாரிக்காரன் ஒண்டிக்கடை முக்கிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஜீப் வைத்து ஏற்றி வந்தால், நாலு பேர் எப்படித் திருப்பியும் வாசலில் நுழையவில்லை. நம் வீட்டுக்குள் குனிந்துதான் போகவேண்டும் என்பது சிங்கப்பூர் துரைக்கு மறந்துபோயிற்றா? இப்போது அதில் ஆடு ஏறிப் படுத்திருக்கிறது. அதற்கு நல்ல சொகுசு.

வயிற்றுப் புற்றுநோய்க்கு இனி வைத்தியம் இல்லை, அப்பாவை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் ரூபி வாராவாரம் வீட்டுக்கே வந்து படுக்கைப் புண்ணைத் துடைத்து, டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த மாத்திரைக்கு அப்பா அடிமையாகிவிடுவார் என்று அவளுக்கே போனில் பாடம் எடுத்தாயாம். கஞ்சித் தண்ணிக்கே திணறுகிற மனுஷன் இனி எதற்கு அடிமையானால் உனக்கென்ன? ஏனுங்கக்கா, உங்க தம்பி என்ன படிச்சிருக்காரு என்று ரூபி கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறாய். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு வளைவிலும் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போவாதீங்க கண்ணு, நம்மூட்டுலயே கெடக்கறேன் என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது.

நேற்று போனில் கீர்த்தனா வாய் தவறி ஒன்று சொன்னாள். உனக்கு லீவு கொஞ்சம்தான் மிச்சமாம். இப்போது வந்துவிட்டால் காரியத்துக்கு லீவு இருக்காதாம், கடைசிக்கு வைத்திருக்கிறாயாம். அடேயப்பா, என்ன முன்யோசனை! இதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்? நாய் குரைத்தால்கூட, பாலு வந்துட்டானா பாரு கண்ணு என்கிறார். ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வருகிறது.

காரியத்துக்கு நீ வரவேண்டாம். வாய்க்கரிசி போட ஊரே இருக்கிறது. மூச்சு இருக்கும்போது வந்து ஒரு கரண்டி கஞ்சி ஊட்டிவிட்டுப் போ. உன் கையால் கொடுத்தால் இறங்கும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. என் கையைத் தள்ளிவிடுகிறார்.

நீ நன்றாக இரு, சாமி. வந்துவிடு.

உன் அக்கா,
கனகா